எட்டு மைல்

பெரிய கம்பெனிகள் நியூயார்க் நகரத்தை விட்டு வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் இருந்தது: ஊழியர்களின் வாழ்க்கைத் தரம். நெரிசல் கிடையாது, மரங்கள் உண்டு, நல்ல பள்ளிக்கூடங்கள் உண்டு. எங்கே போவது என்று ஆராய வெளியிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். வரைபடங்கள், ஒப்பீட்டு அட்டவணைகள், கனமான அறிக்கைகள் எல்லாம் தயாராயின.

வில்லியம் எச். வைட் இதையெல்லாம் வேறு மாதிரி பார்த்தார். கம்பெனி மனிதர்களைப் பற்றி 1956-ல் ‘தி ஆர்கனைசேஷன் மேன்’ என்ற புத்தகத்தை எழுதியவர் அவர். பிற்காலத்தில் நியூயார்க்கின் தெருக்களிலும் சதுக்கங்களிலும் உட்கார்ந்து, மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தவர். இடம்பெயர்ந்த 38 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு ரொம்ப எளிமையான ஒரு வேலையைச் செய்தார். புதிய தலைமையகம் எங்கே இருக்கிறது? கம்பெனித் தலைவரின் வீடு எங்கே இருக்கிறது? 38-ல் 31 கம்பெனிகள் தலைவரின் வீட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. சராசரி தூரம் சாலை வழியாகச் சுமார் 8 மைல். 1988-ல் வந்த ‘சிட்டி’ புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். நகரத்திலேயே தங்கிவிட்ட கம்பெனிகளின் பங்கு மதிப்பு, கிளம்பிப் போனவற்றைவிட நன்றாக வளர்ந்தது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

முதன்முதலில் இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. பதில் வீட்டு வாசலிலேயே கிடந்ததென்றால், அந்த ஆலோசகர்களுக்குக் கொடுத்த கூலி எதற்கு? காசைக் கொடுத்து அவர்கள் வாங்கியது என்ன?

*

முதலில் தொழிலுக்கு நியாயமாக நடந்துகொள்வோம். ஒரு கம்பெனி இருபது வருஷத்துக்கு ஒருமுறைதான் தொழிற்சாலை கட்டும். ஓர் ஆலோசகர் அதே இருபது வருஷத்தில் ஐம்பது தொழிற்சாலைகளுக்கு இடம் பார்த்திருப்பார். நிலத்துக்கு அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில் வரும், கோடையில் எந்த மாசத்தோடு கிணறு வற்றும், பட்டாவில் வில்லங்கம் எங்கே ஒளிந்திருக்கும், துணைமின் நிலையத்தில் இன்னும் எவ்வளவு சுமை தாங்கும், அரசாங்கம் தருவதாகச் சொல்லும் சலுகையில் எது கைக்கு வரும், எது காகிதத்தோடு நிற்கும். இதெல்லாம் அனுபவத்தில் மட்டுமே வரும் அறிவு. ரகசியமும் ஒரு காரணம். பெரிய கம்பெனி வருகிறது என்று தெரிந்தால் நிலத்தின் விலை ஒரே ராத்திரியில் ஏறிவிடும். அதனால் கம்பெனியின் பெயரை வெளியே விடாமல், ஏதோ ஒரு புனைபெயர் வைத்துத்தான் விசாரிப்பார்கள்.

இந்த அறிவு உண்மையிலேயே பயன்பட்ட கதைகளும் இருக்கின்றன. 1953-ல் வால்ட் டிஸ்னி தன் கேளிக்கைப் பூங்காவை எங்கே அமைக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டார். ஹாரிசன் பிரைஸ் என்பவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தின் மக்கள்தொகை எந்தத் திசையில் நகர்கிறது, புதிய நெடுஞ்சாலை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்திருந்த அனஹைம் என்ற சின்ன ஊரைக் காட்டினார். 1955 ஜூலையில் அங்கே டிஸ்னிலேண்ட் திறந்தது. டிஸ்னிக்குத் தெரியாத ஒன்று பிரைஸுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி கேட்டவரின் கையில் பதில் ஏற்கெனவே இல்லை. வைட் பார்த்த கம்பெனிகளுக்கும் டிஸ்னிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் இந்த ‘இவ்வளவுதான்’ சின்ன விஷயம் இல்லை.

*

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணை அந்த வீட்டில் கொடுக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று மனசு ஊசலாடும்போது சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். சாமிக்கு அந்த நிலத்தில் பங்கு கிடையாது. குழந்தைக்கு எந்தப் பொட்டலத்தில் எது இருக்கிறதென்று தெரியாது. எந்த நிறம் வந்தாலும் சரி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுதான் கேட்கிறார்கள். (வேண்டாத நிறம் வந்தால் ‘இன்னொரு தடவ எடு கண்ணு’ என்று சொல்லும் பெரியப்பாக்களும் உண்டு. அவர்கள்தான் வைட்டின் கம்பெனித் தலைவர்களுக்குச் சொந்தக்காரர்கள்.)

இன்னொருவரிடம் யோசனை கேட்கும்போது நாம் மூன்றில் ஒன்றைக் கேட்கிறோம். ஒன்று அறிவு: எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும், சொல்லு. இரண்டாவது துணிச்சல்: எனக்குத் தெரியும், ஆனா பயமா இருக்கு, கூட நில்லு. மூன்றாவது கேடயம்: நான் முடிவு பண்ணிட்டேன், நாளைக்கு யாராவது கேட்டா நீ சொன்னேன்னு சொல்லிக்கிறேன். முதல் இரண்டிலும் கேட்பவர் தன் முடிவைத் தானே சுமக்கத் தயாராக இருக்கிறார். மூன்றாவதில் அதை இறக்கிவைக்க ஓர் இடம் தேடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அதே ஒப்பந்தம், அதே கட்டணம், அதே பவர்பாயிண்ட்.

சார்த்தர் 1945-ல் பாரிஸில் ஆற்றிய உரையில், தன்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்கிறார். அம்மாவோடு இருப்பதா, நாட்டுக்காகப் போரிடப் போவதா என்பது அவன் குழப்பம். சார்த்தர் அதிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டுகிறார்: யாரிடம் யோசனை கேட்பது என்று நாம் தேர்ந்தெடுக்கும்போதே, எந்த யோசனை வரும் என்பதும் ஓரளவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. பாதிரியாரிடம் போகிறவன் எந்தப் பாதிரியார் என்று தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவை எடுத்துவிட்டான். அதனால் ஆலோசகரை அமர்த்துவது முடிவைத் தள்ளிவைப்பது ஆகாது. அதுவே முடிவின் முதல் படி. ‘நான் சொல்லல, ரிப்போர்ட் சொல்லுது’ என்பவருக்கு சார்த்தர் பக்கத்திலிருந்து கிடைக்கும் பதில்: அந்த ரிப்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தது நீதானே அய்யா?

*

நானும் சில வருஷம் இந்தத் தொழிலின் ஓரத்தில் இருந்திருக்கிறேன். சென்னையில் அலுவலகத்தை மாற்ற நினைக்கும் கம்பெனிகளுக்கு ஒப்பீடு செய்து கொடுக்கும் ஓர் இடத்தில் எண்களைத் திரட்டும் வேலை. பெயர் வேண்டாம். வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் இங்கே முக்கியம்.

எக்செல் ஷீட்டில் இடப்பக்கம் அளவுகோல்கள்: வாடகை, பரப்பளவு, மின்சார பேக்கப், பார்க்கிங், பின்னால் விரிவாக்க வசதி, ஊழியர்களின் பயண நேரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை. மொத்தம் 100. ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பெண் போட்டு, எடையால் பெருக்கிக் கூட்டினால் கடைசி வரியில் ஒரு எண் வரும். பெரிய எண் எதுவோ அதுவே ஜெயித்த இடம்.

ஒருமுறை தேனாம்பேட்டையிலிருந்து கிளம்பும் ஒரு கம்பெனிக்குக் கிண்டியா, சிறுசேரியா என்ற கேள்வி. பயண நேரத்துக்கு 20 எடை கொடுத்தால் கிண்டி ஜெயிக்கும். 10 கொடுத்து மிச்சத்தை வாடகைக்குப் போட்டால் சிறுசேரி ஜெயிக்கும். இரண்டு ஷீட்டிலும் ஒரு பொய்கூடக் கிடையாது. தூரம் சரி, வாடகை சரி, கூட்டல் சரி. மாறியது ஒரே ஒரு கட்டத்தில் இருந்த எண். அந்த எண் எங்கிருந்து வந்தது? எந்த ஆய்விலிருந்தும் வரவில்லை. ஒரு மீட்டிங்கில் யாரோ ‘பத்து போதும்ல?’ என்றார்கள். ‘போதும் சார்’ என்றார்கள். அவ்வளவுதான்.

அந்தப் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருந்தது ஓர் அறக்கேள்வி. ஒரு மனுஷனின் நாளில் கூடுதலாக ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டால், அது கம்பெனிக்கு மிச்சமாகும் எத்தனை ரூபாய்க்குச் சமம்? எந்த நிபுணராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருக்கு விவரம் பத்தாமல் இல்லை. இது விவரத்தால் பதில் சொல்லக்கூடிய கேள்வியே இல்லை. எத்தனை கிலோமீட்டர் என்பதை அளக்கலாம். எத்தனை கிலோமீட்டர் ‘பரவாயில்லை’ என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். அட்டவணையின் வேலை அந்த முடிவை அளவீடு மாதிரி உடுத்திக் காட்டுவது.

இன்னொன்றும் கவனித்தேன். பயண நேரத்தைக் கணக்கிட மனிதவளத் துறையிடமிருந்து ஊழியர்களின் பின்கோடு பட்டியலை வாங்குவோம். அந்தப் பட்டியலில் ஹவுஸ்கீப்பிங் செய்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். செக்யூரிட்டி அண்ணன்கள், கேன்டீன் ஆட்கள், டிரைவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு என் சீனியர், ‘அவங்க வெண்டர் ஆளுங்கப்பா, நம்ம ஸ்கோப்ல வர மாட்டாங்க’ என்றார். அவர் கெட்டவர் இல்லை. தொழிலின் இலக்கணத்தைச் சொன்னார். அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தபோது டீ கொண்டுவந்த அக்கா ஒருத்தர், ‘ஆபீஸ மாத்தப்போறாங்களாமே தம்பி? கிண்டின்னா ஒரே பஸ்ஸு. அதுக்கும் அங்கிட்டுன்னா பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர முடியாது’ என்று சொன்னார். சைதாப்பேட்டைக்காரர். எங்கள் ஷீட்டில் எழுபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருந்தன. அவர் ஒரே மூச்சில் சொன்னதை வைப்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

ஸ்கோப். எல்லோரும் சாதாரணமாகப் புழங்கும் வார்த்தை. யாரைக் கணக்கில் எடுப்போம், யாரை எடுக்க மாட்டோம் என்று கோடு கிழிக்கும் வார்த்தையும் அதுவே. வேலை தொடங்கும் முன்பே, ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே அந்தக் கோடு விழுந்துவிடுகிறது.

*

இதையே ஓர் அரசாங்கம் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நன்றாகப் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் இரண்டு அமைப்புகள் வாஷிங்டனில் இருந்தன. ஒன்று பொருளாதார ஆய்வு சேவை. இன்னொன்று ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்கும் தேசிய உணவு மற்றும் வேளாண் நிறுவனம். 2018 ஆகஸ்டில், இவற்றை வாஷிங்டனுக்கு வெளியே மாற்றப்போவதாக அமைச்சர் சோனி பெர்டியூ அறிவித்தார். 35 மாநிலங்களிலிருந்து 136 விண்ணப்பங்கள் வந்தன. இடத்தேர்வுக்கு உதவ எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனம் அமர்த்தப்பட்டது. 2019 ஜூன் 13 அன்று கான்சஸ் சிட்டி வட்டாரம் என்று அறிவித்தார்கள். வருகிறீர்களா இல்லையா என்று சொல்ல ஊழியர்களுக்கு ஜூலை 15 வரை அவகாசம். செப்டம்பர் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். 15 வருஷத்தில் சுமார் 30 கோடி டாலர் மிச்சமாகும் என்றது துறை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இடம் மாற்றப்பட்டவர்கள் யார்? பொருளாதார நிபுணர்கள். செலவையும் பயனையும் கணக்குப் போடுவதே அவர்கள் தொழில். அவர்களுக்கே ஒரு கணக்கைக் காட்டிக் கிளம்பு என்றார்கள். அமைச்சர் பேச வந்தபோது பலர் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். மாற்றப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கான்சஸ் சிட்டிக்குப் போகாமல் வேலையை விட்டார்கள். அந்த ஆகஸ்டில், வெள்ளை மாளிகையின் தற்காலிகத் தலைமை அலுவலராக இருந்த மிக் மல்வானி ஒரு கட்சிக் கூட்டத்தில், அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்குவது ஏறக்குறைய முடியாத காரியம், ஊரை மாற்றினால் அவர்களே போய்விடுகிறார்கள், அரசாங்கத்தை இளைக்க வைக்க இது அருமையான வழி என்ற பொருளில் பேசினார்.

அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு 2022-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சான்றுகளின் அடிப்படையில் முடிவெடுக்கும் முறையைத் துறை முழுமையாகப் பின்பற்றவில்லை, அனுபவசாலிகள் வெளியேறுவதாலும் வேலை தடைபடுவதாலும் வரக்கூடிய செலவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அது சொன்னது. அதாவது எண்கள் இருந்தன, நிபுணர்கள் இருந்தார்கள், விண்ணப்பங்கள் 136 இருந்தன. ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குத்தான் அத்தனை உழைப்பும். ‘போகத்தான் வேண்டுமா?’ என்ற கேள்வி அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. எந்த ஊர் என்று ஆராயும் கடுமையைப் பார்த்து, போகலாமா என்பதையும் ஆராய்ந்திருப்பார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

*

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ‘டாக்டர் ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றார். வக்கீல் கேஸ் போடலாம்னு சொல்றார். முடிவு நம்மோடது. அவங்கள யாரும் குத்தம் சொல்றதில்லயே. இடம் பார்த்துச் சொல்றவரை மட்டும் ஏன் சொல்லணும்?’

நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் இதை யோசித்திருக்கிறேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. டாக்டர் சொல்கிறார், நான் முடிவெடுக்கிறேன், கத்தி என் உடம்பில் படுகிறது. முடிவெடுப்பவனும் வலியைத் தாங்குபவனும் ஒரே ஆள். அதனால் டாக்டர் வெறும் ஆலோசகராக இருப்பது போதுமானது. அலுவலகம் இடம்பெயரும்போது மூன்று பேர் இருக்கிறார்கள். யோசனை சொல்பவர், முடிவெடுப்பவர், மூட்டையைக் கட்டுபவர். கத்தி மூன்றாமவர் உடம்பில் படுகிறது. முதல் இருவரும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொள்ளலாம். ‘நாங்க யோசனைதான் சொன்னோம்’ என்பார் ஒருவர். ‘நிபுணர்கள் சொன்னதைத்தான் செஞ்சோம்’ என்பார் இன்னொருவர். இரண்டு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்தால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இல்லாமல் போகிறது. அலுவலக ஆட்சியை ஹன்னா ஆரெண்ட் ‘யாருமற்றவரின் ஆட்சி’ என்று சொன்னது இதைத்தான். ஆள்பவர் ஒருவர் என்றால் அவரிடம் போய்ச் சண்டையாவது போடலாம்.

தப்பு எங்கே நடக்கிறதென்றால், பொறுப்பை நாம் நிலம் மாதிரி நினைத்துவிடுகிறோம். இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்குப் பாதி, நான்கு பேர் என்றால் ஆளுக்குக் கால். பொறுப்பு அப்படிப் பிரிவதில்லை. குழந்தையை வளர்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்காகத் தாய்க்குப் பாதிக் குழந்தை, தகப்பனுக்குப் பாதிக் குழந்தை என்று ஆகிவிடுகிறதா? இரண்டு பேருக்கும் முழுக் குழந்தை. அதேபோல, யோசனை சொன்னவருக்குத் தான் சொன்னதற்கு முழுப் பொறுப்பு. முடிவெடுத்தவருக்கு எடுத்ததற்கு முழுப் பொறுப்பு. ஆள் கூடக்கூடப் பொறுப்பு குறைவதில்லை. குறைவதுபோல உணர்கிறோம், அவ்வளவே. அந்த உணர்வுதான் அறிக்கையோடு சேர்ந்து விற்பனையாகிறது.

*

அப்படியானால் வெளியாளைக் கூப்பிடவே கூடாதா? கூப்பிடலாம். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வரிசையாக வைத்திருக்கிறார். இடனறிதல் 50-வது அதிகாரம். மூன்றிலும் அறிய வேண்டியவன் செயலைச் செய்யப்போகிறவன்தான். அதற்காக அவனைத் தனியே விட்டுவிடவும் இல்லை. பெரியாரைத் துணைக்கோடல் என்று முன்னாலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே துணையாக வருபவரின் முக்கியமான வேலை தவறு கண்டால் கடிந்து சொல்வது. ஆமாம் போடுவதற்கு ஆள் வேண்டுமென்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இதிலிருந்து சில சோதனைகளை உருவாக்கிக்கொள்ளலாம். ‘இடம் மாற வேண்டாம்’ என்று எழுதும் உரிமை ஆலோசகருக்கு இருக்கிறதா? எழுதினாலும் அவருக்கு அதே கூலி கிடைக்குமா? அமெரிக்காவில் சில ஆலோசகர்கள், அரசிடமிருந்து வாங்கித்தரும் சலுகைத் தொகையில் ஒரு பங்கையே கூலியாகப் பெறுவது வழக்கம். சலுகை பெரிதாக இருக்கும் இடம் அவர்கள் கண்ணுக்குத் தனியாக மின்னத்தானே செய்யும்? அடுத்தது, எடைகளைப் போட்டது யார்? அவர் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா? கடைசியாக, முடிவெடுத்தவரால் மூட்டை கட்டுபவர் முன்னால் நின்று, ‘ரிப்போர்ட்’ என்ற வார்த்தையை உச்சரிக்காமல், ஏன் போகிறோம் என்று சொல்ல முடிகிறதா? ‘உன்னோட ஒன்றரை மணி நேரத்தைவிட எனக்கு இந்த வாடகை மிச்சம் பெருசாப் பட்டுச்சு’ என்று சொல்ல வேண்டியிருக்கும். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அதோடு சண்டை போட முடியும், பேரம் பேச முடியும், பஸ் விடச் சொல்லிக் கேட்க முடியும். எண்ணோடு யாராலும் பேரம் பேச முடியாது.

இதைப் படிக்கிறவர்களில் பலர் இப்படி மாறுகிற அலுவலகங்களில்தான் வேலை செய்கிறீர்கள். ஒருநாள் மெயில் வரும். விரிவான ஆய்வின் அடிப்படையில், ஊழியர்களின் நலனைக் கருத்தில் கொண்டு, அடுத்த காலாண்டிலிருந்து புதிய வளாகம் என்றிருக்கும். டவுன்ஹாலில் கேள்வி நேரமும் விடுவார்கள். அப்போது ‘ஏன் அவ்வளவு தூரம்?’ என்று கேட்காதீர்கள். அதற்கு ஸ்லைடு தயாராக இருக்கும். பயண நேரத்துக்கு எத்தனை எடை போட்டீங்க, யார் போட்டது, பேன்ட்ரி அக்காவோட பின்கோடு லிஸ்ட்ல இருந்துச்சா என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் ஸ்லைடு இருக்காது. யாராவது ஒருவர் தன் வாயால்தான் பதில் சொல்லியாக வேண்டும்.